ஏழாம் நம்பர் தீவின் கொடிக்காரன்

"ஆளுக்குக் கருமாதி திங்கட்கிழமை. ஆள் செத்தானா இல்லையான்னு கண்டுபிடிக்க நமக்கு வியாழக்கிழமை வரைக்கும் டைம். இன்னிக்குச் செவ்வாய்," என்றான் உதவியாள் மாது. "போலீஸ்ல இருந்தா இந்தக் கஷ்டமே இல்லண்ணா. அங்க கருமாதி முடிஞ்ச பொறவுதான் விசாரணையே."

தீர்த்தகிரி சிரிக்கவில்லை. அவர் சிரித்து எட்டு மாதம் ஆகிறது. போன ஆனியில் அவர் மனைவி கண்ணம்மாளை விஷக்காய்ச்சல் கொண்டுபோனது. அதிலிருந்து காப்பி குடித்தால் சூடு மட்டும் தெரிகிறது, ருசி தெரிவதில்லை. எதிரில் ஒருவர் அழுதால் காது கேட்கிறது, அதற்கு மேல் ஒன்றும் ஆவதில்லை. இருபது வருஷம் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து, வரப்புத் தகராறும் வெட்டுக்குத்தும் பார்த்துவிட்டு, இப்போது தர்மபுரியில் புளி மண்டிக்கு மேலே ஒரு மாடி அறையில் துப்பறியும் ஆபீஸ் போட்டிருக்கிறார். போர்டு எழுதியவன் 'துப்பறியும்' என்பதில் ஒரு எழுத்தை விட்டுவிட்டான். திருத்தச் சொல்லவும் அவருக்கு மனசில்லை.

அன்றைக்கு எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணும் அழவில்லை. சித்தேரி மலையிலிருந்து முந்தின நாளே இறங்கி, அரூரில் பஸ் பிடித்து வந்திருந்தாள். பேர் சின்னபொண்ணு. அவள் புருஷன் நாகன், கடலில் போய்ச் செத்துவிட்டதாகச் சர்க்கார் சொல்லும் ஆள்.

மலைக்காரனுக்குக் கடலில் என்ன வேலை? அதைத்தான் மாதுவும் கேட்டான். அந்தமானுக்கும் அந்தப் பக்கம், மனுஷர் குடியில்லாத தீவுகள் சில கிடக்கின்றன. பேர்கூட இல்லை, நம்பர்தான். அவற்றை அளந்து படம் போடச் சர்க்கார் ஒரு சின்னக் கப்பலை அனுப்பியது. சர்வேயராகப் போனவர் பாப்பாரப்பட்டி கருப்பண்ணன். சித்தேரிக் காட்டை முன்பு அளந்தவர். முள்ளு வெட்டி வழி போட மலைக்காரன் மாதிரி ஆள் கிடையாது என்று நாகனையும், சின்னபொண்ணுவின் அண்ணன் மல்லையனையும் அளவுச் சங்கிலி இழுக்கும் செயின்மேன்களாகக் கூட்டிப்போனார். திரும்பி வந்தது ரெண்டு பேர்.

"அலை இழுத்துக்கிட்டுப் போயிடுச்சுன்னு எங்கண்ணன் வந்து சொன்னான் சாமி," என்றாள் சின்னபொண்ணு. "எங்கூட்டுக்காரருக்குத் தண்ணின்னாலே ஆவாதுங்க. ஓடையில முழங்கால் தண்ணி போனாக்கூட ரெண்டு மைல் சுத்திக்கிட்டுத்தான் வருவாரு. அலை அடிக்கிற எடத்துல அவருக்கு என்னா வேலை?"

"இதை உன் அண்ணன்கிட்டக் கேட்டியா?"

"கேட்டேன். விதின்னான்."

அவள் ஒரு சர்க்கார் கடிதத்தை நீட்டினாள். ஃபாரஸ்ட் கார்டு ஒருவரைக் கெஞ்சி மனுப் போட்டதற்கு வந்த பதில். கப்பல் வருகிற வியாழக்கிழமை காலை சென்னையிலிருந்து மற்றத் தீவுகளுக்குப் புறப்படுகிறது. ஏழாம் நம்பர் தீவின் அளவு வேலை மே பதினைந்தோடு முடிந்துவிட்டபடியால் கப்பல் அங்கே நிற்காது. நாகன் அதே பதினைந்தாம் தேதி வேலையின்போது கடலில் விழுந்து இறந்தான் என்றும் அதில் இருந்தது.

"திங்கக்கிழமை ஊர்க்கவுண்டர் கருமாதி வெச்சிருக்காரு. எங்கண்ணன்தான் முன்னால நின்னு எல்லாம் செய்யறான். கருமாதி ஆயிட்டா அப்புறம் அவரைத் தேட ஆளில்லைங்க. எனக்கு அழுகையும் வரலை. செத்தாருன்னு தெரிஞ்சா அழுவேன். தெரியலையே."

தீர்த்தகிரி துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். படியிறங்கும்போது மண்டி வாசலில் புளி மூட்டை மேல் மல்லையன் உட்கார்ந்திருந்தான். தங்கையைத் தனியே அனுப்ப முடியாதென்று துணைக்கு வந்தவன். நாற்பது வயசு, ஒடிசலான தேகம். தீர்த்தகிரியைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"எங்கீங்க போறீங்க?"

"பாப்பாரப்பட்டிக்கு. சர்வேயரைப் பாக்க."

"அவர் எல்லாம் எழுதி வெச்சிருக்காருங்க," என்றான் மல்லையன்.

பாப்பாரப்பட்டி பஸ்ஸில் கூட்டம். மாதுவின் மடியில் யாரோ ஒரு கோழிக்கூடையை வைத்துவிட்டுப் பின்னால் போய்விட்டார்கள். "அண்ணா, எழுதி வெச்சிருக்காருன்னானே, கவனிச்சீங்களா?" என்றான் கூடைக்கு மேலாக. "மச்சான் செத்தான்னு சொல்றதுக்கு நான் பார்த்தேன்னுல்ல சொல்லணும்? சாட்சியைக் கேட்டா புக்கைக் காட்டறான்."

"அந்தப் புக்கைத்தான் நாமளும் பாக்கப் போறோம்."

கருப்பண்ணன் லீவில் வீட்டிலேயே உட்கார்ந்து தீவுகளின் படத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர். வந்தவர்களை உட்கார வைத்து, மனைவி தீர்த்தம்மாளை மோர் கொண்டுவரச் சொன்னார். மேசை முழுக்கக் காகிதம், ஸ்கேல், சீவிய பென்சில்கள். நாகன் பேரைச் சொன்னதும் முகம் கொஞ்சம் சுண்டியது.

"தங்கமான ஆளுங்க. தெற்கு முனையில கொடி பிடிச்சு நின்னான். நாங்க வடக்கிருந்து அந்தக் கொடியைக் குறி வெச்சுச் செயின் போட்டுக்கிட்டே போறோம். கிட்ட நெருங்கறோம், ஒரு அலை வந்துச்சு. அவ்ளோதான். சந்தேகமா இருந்தா பீல்டு புக்கைப் பாருங்க. தேதி, தூரம், எல்லாம் பக்கா."

நீளவாக்கில் இருந்த சின்ன நோட்டு. அளக்கிற இடத்திலேயே நின்று எழுதுவது. தீர்த்தகிரி புரட்டினார். மாது தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

"என்னாண்ணா இது, நம்பர் கீழ சின்னதா இருக்குது, மேல போகப் போகப் பெருசாவுது? தலைகீழா எழுதியிருக்காரு."

"சர்வேயர் எல்லாரும் அப்படித்தான்டா. புக்கைக் கையில வெச்சுக்கிட்டு முன்னால நடக்கறாங்க. முன்னால இருக்கறது தாள்லயும் மேல வரணும். அதனால கீழேர்ந்து மேல எழுதிக்கிட்டே போவாங்க. இருபது வருஷம் வரப்புக் கேஸ்ல இந்தப் புக்கைத்தான் பாத்தேன்."

கருப்பண்ணன் பெருமையாகத் தலையாட்டினார். தீர்த்தகிரி ஏழாம் நம்பருக்கு வந்தார். நாலு நாளில் அறுபத்தெட்டு செயின் தூரம். கடைசி ரெண்டு நாளில் எண்பத்துநாலு. மொத்தம் நூற்றைம்பத்திரண்டு, கிட்டத்தட்ட ரெண்டு மைல்.

"கடைசி ரெண்டு நாள் மட்டும் ஓட்டமா ஓடியிருக்கீங்களே," என்றான் மாது. "கப்பலுக்கு டிக்கெட் போட்டிருந்தீங்களா?"

"தெற்கே வெட்டவெளி. வேகமாப் போயிட்டோம்."

தீர்த்தகிரி நோட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். முதல் நாலு நாள் பக்கங்களைப் பார்த்தார். கடைசி ரெண்டு நாள் பக்கங்களைப் பார்த்தார். மறுபடி முதல் பக்கங்கள். மோர் வந்தது. குடித்தார், அதிலும் ருசியில்லை.

"சர்வேயர், பென்சிலை எப்பச் சீவுவீங்க?"

"புதுப் பக்கம் ஆரம்பிக்கும்போதுங்க. அது என் பழக்கம்."

"நல்ல பழக்கம். இங்க பாருங்க. இந்த நாலு நாளும் பக்கத்துக்குக் கீழ எழுத்து ஊசியாட்டம் இருக்குது. மேல போகப் போகப் பென்சில் மழுங்கி எழுத்து தடிக்குது. சரிதான், கீழேர்ந்து மேல எழுதியிருக்கீங்க. பதினாலாம் தேதியையும் பதினஞ்சாம் தேதியையும் பாருங்க. மேல ஊசி. கீழ தடி."

கருப்பண்ணன் பார்த்தார்.

"இந்த ரெண்டு பக்கமும் மேலேர்ந்து கீழ எழுதினது. நடந்து அளக்கறவன் அப்படி எழுத முடியாது. முடிவு தூரம் நூத்தம்பத்திரண்டு வரணும்னு கப்பல்காரன் போட்ட படத்தைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டீங்க. அதை முதல்ல மேல எழுதினீங்க. அப்புறம் அதுக்குத் தக்கமாதிரிக் கழிச்சுக் கழிச்சுக் கீழ இறங்கினீங்க. மேசையில உக்காந்து."

"விடையை மொதல்ல எழுதிட்டுக் கணக்குப் போடறது," என்றான் மாது. "நானும் அஞ்சாம் கிளாஸ்ல அதேதான் பண்ணேன். கண்டுபிடிக்க வாத்தியார் இவ்ளோ நேரம் எடுத்துக்கலை."

வாசற்படியில் தீர்த்தம்மாள் வெறும் தம்ளருக்காக வந்து நின்றிருந்தாள். திரும்பிப் போகவில்லை.

கருப்பண்ணன் நோட்டைக் கையில் வாங்கி மூடி வைத்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தபோது குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. ஒன்பது மாதமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பேச்சு அது.

பதின்மூன்றாம் தேதி மத்தியானம் வானம் கறுத்துவிட்டது. கப்பல் விடாமல் ஊதியது. உடனே வராவிட்டால் விட்டுவிட்டுப் போவேன் என்று கேப்டன் ஆள் அனுப்பினான். வடக்குக் கரையில் படகில் பெட்டிகளை ஏற்றத் தொடங்கினார்கள். நாகன் அப்போது தெற்கு முனையில் கொடியோடு நின்றுகொண்டிருந்தான்.

"பதினாலும் பதினஞ்சும் நாங்க அந்தத் தீவுலயே இல்லைங்க. வேலையைப் பாதியில விட்டுட்டு வந்தேன்னு இருந்தா பிரமோஷன் போயிடும்னு அந்த ரெண்டு பக்கத்தையும் கப்பல்ல உக்காந்து எழுதினேன். அது பொய்தான். ஆனா நாகன் செத்தது பொய் இல்லைங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"இல்ல. கொடிக்காரன் சைகை வராம எடத்தை விட்டு அசையக்கூடாது. நான்தான் அப்படிச் சொல்லி வெச்சது. நாகன் சொன்னா சொன்னபடி நிப்பான். கூப்பிட்டா காது கேக்காத தூரம். புயல் மப்புல வடக்குக் கரையிலேர்ந்து துணி ஆட்டினா அவனுக்குத் தெரியாது. அதனால பாதி தூரம் போய்ச் சைகை குடுத்துக் கூட்டியான்னு மல்லையனை அனுப்பினேன். அவன்தான் ஓடியாந்து, அலை அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு, போனா எடம் காலியா இருக்குதுன்னான்."

மாது தீர்த்தகிரியைப் பார்த்தான். பாதி வழியில் கேஸ் திரும்பி, மல்லையன் உட்கார்ந்திருந்த தர்மபுரிப் பக்கமே ஓடிக்கொண்டிருந்தது.

"தெற்கு முனைக்கு வழி யாருக்குத் தெரியும்?"

"நாகனுக்கும் மல்லையனுக்கும்தான். ரெண்டு நாள் முன்னாடி ரெண்டு பேரும் போய்த்தான் கொடிக்கு எடம் பாத்துட்டு வந்தாங்க."

"அன்னிக்கு நாகன் எப்பக் கிளம்பினான்? கொடி எப்பத் தெரிஞ்சுது?"

"விடியக்காலை வெள்ளி மொளைக்கையில கிளம்பினான். வெயில் நல்லா ஏறின பொறவுதான் கொடி தெரிஞ்சுது. மூணு மணி நேரம் இருக்கும். அறுபத்தெட்டு செயின் வரைக்கும்தான் நாங்க வழி வெட்டியிருந்தோம். அதுக்கு அந்தாண்ட ஒரே தாழம்புதர், முள்ளு."

"இப்பத்தான் வெட்டவெளின்னீங்க," என்றான் மாது.

"மல்லையன் போயிட்டு வர எவ்ளோ நேரமாச்சு?" என்று கேட்டார் தீர்த்தகிரி.

கருப்பண்ணன் யோசித்தார். "ஆறு பெட்டி இருந்துச்சு. நாலு ஏத்தியிருந்தோம். அஞ்சாவதைத் தூக்கும்போது வந்துட்டான்."

"அஞ்சு பெட்டி ஏத்த அரை மணி நேரமா?"

"அரை மணிகூட இருக்காதுங்க."

சொல்லி முடித்தபிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. மூன்று மணி நேர வழி. பாதி தூரம்தான், அதுவும் வெட்டின வழிதான் என்றாலும் போய்த் திரும்ப அரை மணி போதாது. மல்லையன் எந்த முனையையும் பார்க்கவில்லை. வெட்டின வழியின் முடிவு வரைக்கும்கூடப் போயிருக்க மாட்டான்.

"எனக்கு அன்னிக்கே தோணியிருக்கணும்," என்றார் கருப்பண்ணன். "தோணக்கூடாதுன்னு இருந்துட்டேன்."

"அங்க குடிக்கத் தண்ணி உண்டா?"

"தெற்கே ஒரு ஊத்து இருக்குது. தேங்கா இருக்குது. பறவை முட்டை கெடைக்கும். ஆனா ஒம்பது மாசங்க. ஒரு மழைக்காலம் போயிருக்குது. என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

"சொல்ல வேணாம். எழுதுங்க. தந்தி. ஏழாம் நம்பர் வேலை முடியவில்லை, கடைசி ரெண்டு பக்கம் பொய், தெற்கு முனையில் ஆளை விட்டுவிட்டு வந்தோம், கப்பல் நிற்க வேண்டும். கீழ உங்க கையெழுத்து."

"என் வேலை போயிடும்."

"போயிடும்," என்றார் தீர்த்தகிரி. அவருக்கு இந்த மனுஷர் மேல் கோபமும் வரவில்லை, பரிதாபமும் வரவில்லை. மணி ஒன்றாகிவிட்டதே என்றுதான் நினைத்தார். அப்போது தீர்த்தம்மாள் உள்ளே வந்தாள். மேசை மேல் கிடந்த தீவுப் படத்தைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். மைக்கூட்டை எடுத்துப் புருஷன் முன்னால் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். கருப்பண்ணன் எழுதினார்.

தர்மபுரி தபாலாபீஸில் சென்னை சர்வே ஆபீஸுக்குத் தந்தி கொடுத்துவிட்டு, மாது வாசலிலேயே குந்திக்கொண்டான். நாலரை மணிக்குப் பதிலோடு மாடிப்படியை ரெண்டு ரெண்டாகத் தாண்டி வந்தான். 'கப்பல் ஏழில் நிற்கும். தெற்கு முனைக்கு வழி தெரிந்த ஆளை வியாழன் காலைக்குள் அனுப்பவும்.'

சின்னபொண்ணு காலையில் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். மாது வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன இட்லி பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. தீர்த்தகிரி மல்லையனை மேலே கூப்பிட்டார். அவன் வந்து கதவோரம் நின்றான். குற்றவாளியை மடக்கும்போது முன்பெல்லாம் தீர்த்தகிரிக்கு உள்ளே ஒரு துடிப்பு இருக்கும். இன்றைக்கு அதுவும் இல்லை. பஸ் டைம் கேட்பது போலத்தான் கேட்டார்.

"மல்லையா, சர்வேயர் அஞ்சாவது பெட்டி ஏத்தும்போது நீ திரும்பி வந்துட்டே. தெற்கு முனைக்கு மூணு மணி நேரம் ஆவும். எதுவரைக்கும் போனே?"

மல்லையன் தங்கையைப் பார்க்கவில்லை. பொய் சொல்லவும் முயலவில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று இத்தனை நாள் இருந்தவன்போல உடனே சொன்னான்.

"முப்பது செயின் போயிருப்பேங்க. கப்பல் ஊதிக்கிட்டே இருந்துச்சு. நான் போய் அவனைக் கூட்டிக்கிட்டு வர்றதுக்குள்ள விட்டுட்டுப் போயிடுவாங்கன்னு தோணுச்சு. ரெண்டு பேரும் சாவறதுக்கு ஒருத்தன் பொழைக்கலாம்னு திரும்பிட்டேன். அலை அடிச்சிடுச்சுன்னு வாய்ல வந்துச்சு."

"அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியாதா?"

மல்லையன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"கப்பல் தீவைச் சுத்திக்கிட்டுத் தெற்கு வழியாத்தான் போச்சுங்க. நான் மேல் தட்டுல இருந்தேன். முனையில கொடி தெரிஞ்சுது. ஆடுச்சு." "காத்துலதான் ஆடுதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

மாது எதையாவது சொல்லி விடுகிற ஆள். அன்றைக்கு அவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். கீழே மண்டியில் மூட்டையை எடை போடுகிறவன் நம்பர் கூவுவது கேட்டது. தீர்த்தகிரிக்கு நெஞ்சில் வலித்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக வலித்தது, அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்தவளின் முகத்தில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை.

"ஏழு மணிக்கு மொரப்பூர்ல மெட்ராஸ் வண்டி," என்று தீர்த்தகிரி சொன்னார். "மாது உன்கூட வருவான். கப்பல்ல ஏத்திவிட்டுட்டுத்தான் திரும்புவான். வரமாட்டேன்னா போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லி வேற மாதிரி அனுப்புவேன்."

"போறேங்க," என்றான் மல்லையன். அப்புறம்தான் தங்கை பக்கம் திரும்பினான். "சின்னபொண்ணு, ஊர்ல கருமாதிக்கு அரிசிகூட வாங்கிப் போட்டாச்சு."

"நான் போய் நிறுத்திடறேன்."

"ஒம்பது மாசம் ஆச்சு புள்ள. அங்க போய்ப் பாத்து அவன் இல்லைன்னா?"

சின்னபொண்ணு எழுந்தாள். பிரிக்காத இட்லி பொட்டலத்தை எடுத்து அண்ணன் கையில் வைத்தாள். வழியில் பசிக்குமே என்று கொடுப்பதுபோலத்தான் கொடுத்தாள்.

"இல்லைன்னா இல்லைன்னு வந்து சொல்லுண்ணா," என்றாள். "இந்தவாட்டி போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

மல்லையன் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். மாது அவன் தோளைத் தொட்டுக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினான். ரெண்டு பேர் படியிறங்கும் சத்தம் நின்று, தெருவில் பஸ் கிளம்பும் சத்தமும் போன பிறகு, சின்னபொண்ணு அதே இடத்தில் மறுபடி உட்கார்ந்து வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.